அறியாமற் கடந்த மலை

கல்விக்கும் உத்தியோகத்துக்கும் இடையே ஒரு கணவாய் உண்டு. இப்பால் புத்தகமும் சோதனையும். அப்பால் சம்பளமும் குடும்பப் பொறுப்பும். கல்லூரியின் இறுதியாண்டு மாணவன் அக்கணவாயின் வாயிலில் நிற்பவன். முன்னே செல்லுமுன் ஒருமுறை தூரதேசம் ஒன்றைக் கண்டு வரவேண்டும் என்ற வேட்கை அவனுக்கு எழுவது இயல்பு. பெற்றோர்க்கு அது வீண்செலவாகத் தோன்றும். ஆசிரியர்க்கு அது படிப்புக்கு வந்த கேடாகத் தோன்றும். முதலிற் சோதனையை முடி, பின்பு ஊரைப் பார் என்றே நானும் என் மாணவருக்குச் சொல்லி வருகிறேன், இனியுஞ் சொல்வேன். ஆயினும், அவ்வறிவுரைக்கு அடங்காத ஒரு பிரயாணத்தின் வரலாறு என் நெஞ்சில் நெடுநாளாகக் கிடக்கின்றது. அதனை மாணவரும் ஆசிரியரும் ஒருங்கே சிந்தித்தல் நன்று எனக் கருதி ஈண்டு எழுதுகின்றேன்.

அப்பிரயாணத்தை மேற்கொண்டவர் ஆங்கிலக் கவிஞர் வில்லியம் வேர்ட்ஸ்வேர்த். டஃபடில் மலரைக் கண்ணாற் கண்டறியாத நம் நாட்டுச் சிறுவரும் அம்மலர்பற்றிய அவர் பாட்டை மனனஞ் செய்ததுண்டு. ஆதலின் அவர் பெயர் நமக்குப் புதிதன்று. அவர் மாணவராயிருந்த காலத்துக் கதையோ அத்துணை அறியப்பட்டதன்று.

வேர்ட்ஸ்வேர்த் 1770ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 7ஆந் தேதி, இங்கிலாந்தின் வடமேற்கிலுள்ள ஏரிநாட்டின் ஓரத்தில், கொக்கர்மவுத் என்னும் ஊரிற் பிறந்தார். தந்தையார் ஜோன் வேர்ட்ஸ்வேர்த் சட்டத்தரணி; சேர் ஜேம்ஸ் லௌதர் என்னும் பெருநிலக்கிழாரின் காரியங்களைக் கவனித்தவர். வீட்டிலே நான்கு ஆண்மக்களும் ஒரு பெண்மகளும் இருந்தனர். அப்பெண்மகளே டொறதி; வில்லியத்துக்கு ஒரு வயது இளையவள்.

1778ஆம் ஆண்டில் தாய் இறந்தாள். டொறதியை உறவினர் வேற்றூருக்குக் கொண்டு சென்றனர். வில்லியம் அடுத்த ஆண்டில் ஹோக்ஸ்ஹெட் என்னும் சிற்றூர்ப் பாடசாலைக்கு அனுப்பப்பட்டார். 1783ஆம் ஆண்டின் இறுதியில் தந்தையும் இறந்தார். அப்போது வில்லியத்துக்கு வயது 13. தந்தை விட்டுச்சென்ற பெருஞ்செல்வம் ஒரு கடனே. அதுவும் அவர் பிறர்க்குக் கொடுக்க வேண்டிய கடனன்று, அவருக்கு வரவேண்டிய கடன். லௌதர் கொடுக்க வேண்டிய பணம் 4,000 பவுணுக்கு மேற்பட்டது. அதனை அவர் தம் வாழ்நாள் முழுவதும் கொடாமலே காலங்கடத்தினார். 1802இல் அவர் இறந்த பின்னரே அவருடைய உரிமையாளர் கணக்குத் தீர்க்க முன்வந்தார். தாயும் தந்தையும் அற்ற பிள்ளைகள், உரிய பொருள் இருந்தும் இல்லாதவராய், உறவினர் கையை எதிர்பார்த்து வளர்ந்தனர்.

இத்தகைய நிலையில், 1787ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம், குறைந்த கட்டணத்தோடு சேர்க்கப்படும் மாணவர் வகுப்பிலே வில்லியம் கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையின் சென். ஜோன்ஸ் கல்லூரியை அடைந்தார். தாய்மாமனாகிய வில்லியம் குக்சன் அக்கல்லூரியில் அங்கத்துவப் பதவி வகித்தவர். பின்னர்க் குருவானவராய்ச் சென்றவர். மருமகன் கணிதத்திற் சிறப்புச் சித்தி பெற்றுத் தம்மைப் போலவே கல்லூரி அங்கத்தவனாகவேண்டும், பின்னர்க் குருப்பட்டமும் பெறவேண்டும் என்பது அவர் திட்டம். குடும்பத்தின் நம்பிக்கையும் அதுவே. டொறதிக்கு அதனினும் பெரிய நம்பிக்கை ஒன்றிருந்தது. தமையனுக்கு ஒரு நிலையான சீவனம் கிடைப்பின், பிரிந்து வளர்ந்த தாங்கள் இருவரும் என்றோ ஒருநாள் ஒரு கூரையின்கீழ் வாழலாம் என்பதே அது.

வில்லியத்துக்கோ கணிதத்திலே தொடக்கத்திலிருந்த முனைப்பு மெல்லத் தளர்ந்தது. சோதனைக்கு வேண்டாத நூல்களை அவர் விரும்பிப் படித்தார். அகஸ்டினோ ஈசொலா என்னும் ஆசிரியரிடம் இத்தாலிய மொழி கற்றார். 1790ஆம் ஆண்டு வேனில் விடுமுறை வந்தது. அடுத்த சனவரியிற் பட்டச் சோதனை. சிறப்புச் சித்தி விரும்புவோர் அவ்விடுமுறையை முழுவதுமே படிப்பிற் கழிப்பர். அவ்வேளையில்தான் அவர் தம் கல்லூரித் தோழராகிய ரொபேட் ஜோன்ஸ் என்னும் வேல்சு நாட்டு இளைஞரோடு அல்ப்ஸ் மலையைக் கால்நடையாகச் சென்று காணப் புறப்பட்டார். தோழர் பலர் இதனைப் பைத்தியக்காரத்தனம் என்றனர். மாமனுக்கு அவர் சொல்லவில்லை. உயிரனைய தங்கைக்குங்கூட முன்கூட்டி அறிவிக்கவில்லை.

ஆளுக்கு ஏறத்தாழ 20 பவுண் பணம். பிரயாணத்துக்கென்றே ஒரே துணியில் தைப்பித்த இலேசான மேலங்கி. கையில் ஓக்கு மரத்தடி. தலைமேல் ஒரு மூட்டை. சுமையைத் தலைமேல் வைத்து நடத்தல் நமக்குப் புதுமையன்று. ஆனால் ஆங்கிலச் சர்வகலாசாலை மாணவர் இருவர் அக்கோலத்தில் ஊரூடே செல்வதைக் கண்ட கிராமத்தவர் நகைத்தனர். அக்காலத்தில் ஐரோப்பாவைச் சுற்றிக் காண்பது செல்வர் வீட்டுப் பிள்ளைகளின் வழக்கம். அவர்கள் வண்டியும் ஏவலாளரும் துணையாசிரியருமாகச் செல்வர். இவர்களோ விடியுமுன் எழுந்து, நாளொன்றுக்கு இருபது முப்பது மைல் என்று நடந்தே தீர்த்தவர்கள். இப்பிரயாணத்தில் ஏறத்தாழ 2,000 மைல் அவர்கள் கால்நடையாகவே கடந்தனர் எனக் கணக்கிடுவர்.

1790 யூலை 13ஆந் தேதி அவர்கள் பிரான்சின் கலேத் துறையை அடைந்தார்கள். மறுநாள் பஸ்திய் சிறை வீழ்ந்த முதலாண்டு நிறைவு. அரசன் மக்களோடு சேர்ந்து புதிய அரசமைப்புக்குச் சத்தியஞ் செய்யும் பெருவிழாவுக்காக நாடு முழுவதும் கோலாகலம் பூண்டிருந்தது. அவர்கள் சென்ற ஊர்தோறும் மலர்த்தோரணம். இரவிலே திறந்தவெளி நடனம். சோன் நதியிலே படகேறியபோது, பாரிசு விழாவிலிருந்து மீளும் பிரதிநிதிகள் பலர் அதே படகில் வந்தனர். ஆங்கிலேயர் என்று அறிந்ததும் அவர்களைச் சுதந்திரத்தில் மூத்த சகோதரராகப் பாவித்து உண்பித்து, மேசையைச் சுற்றிக் கைகோத்து ஆடினர். வேர்ட்ஸ்வேர்த் அப்போது அரசியலில் ஆழமாக ஈடுபடவில்லை. மலை காணப் புறப்பட்டவர் வழியிலே ஒரு யுகம் மாறுவதைக் கண்டார்; ஆனால் கண்டது இன்னதென அன்று முழுவதும் உணர்ந்தாரல்லர். இதனை மனத்தில் வைத்து மேலே செல்வோமாக.

லியோன் நகரைக் கடந்து, மலைநடுவிலே மௌன விரதம் பூண்ட துறவியர் வாழும் கிராந்த் சார்த்ரூஸ் மடத்திலே தங்கினர். பின்பு ஜெனீவா வழியாகச் சமோனிப் பள்ளத்தாக்கை அடைந்தனர். மேற்கு ஐரோப்பாவின் மிகவுயர்ந்த சிகரமாகிய மொன் பிளாங்கைக் கண்டபோது இளைஞரின் உள்ளம் துள்ளவில்லை. மாறாக ஒருவகை வாட்டமே உண்டாயிற்று. பல்லாண்டு மனத்திற் கட்டிவைத்த மலை வேறு. கண்முன் நின்ற மலை வேறு. கண்ட மலை, காணாத மலையின் இடத்தைப் பறித்துக்கொண்டது. எனினும் கீழே பனியாறும் வயலும் அடுத்தடுத்துக் கிடந்த பள்ளத்தாக்கு அக்குறையை ஓரளவு நிறைத்தது.

அப்பாற்பட்டதே இப்பிரயாணத்தின் உயிர்நிலை. சுவிற்சர்லாந்திலிருந்து இத்தாலிக்குச் செல்லும் வழி சிம்ப்ளன் கணவாய். அல்ப்ஸ் மலையின் முதுகைக் கடக்கும் இடம் அது. இங்கிலாந்திலிருந்து நடந்து வந்தது அந்தக் கணத்துக்காகவே என்று சொல்லலாம். 1790 ஓகஸ்ட் 17ஆந் தேதி, கோவேறு கழுதை ஓட்டுவோர் கூட்டமொன்றோடு அவர்கள் கணவாயில் ஏறினர். நண்பகலில் எல்லாரும் ஒரு சத்திரத்தில் உண்டனர். மற்றவர் முன்னே எழுந்து போயினர். இவர்கள் சிறிது தாமதித்துப் பின்தொடர்ந்தனர். பாதை ஒரு மலையருவியின் கரையிற் சென்று முடிந்தது போலத் தோன்றிற்று. அக்கரையிலே ஓர் ஒற்றையடிப் பாதை உயர்ந்த மலையொன்றின்மேல் ஏறிச்சென்றது. ஏறுவதுதானே வழி என்று எண்ணி, அருவியைக் கடந்து அப்பாதையில் ஏறினர். முன்சென்றோரைக் காணவில்லை. ஐயம் அச்சமாக மாறும் வேளையில் எதிரே ஓர் உழவன் வந்தான். வந்த வழியே திரும்பி அருவியை அடையுங்கள். அதன்கரையோடு கீழே இறங்குங்கள் என்றான். இனி ஏற்றம் இல்லை. அவர்களால் நம்ப முடியவில்லை. மீண்டும் மீண்டும் வினவினார்கள். வந்த விடைகளின் பொருள் ஒன்றே: அவர்கள் அல்ப்ஸ் மலையை முன்னமே கடந்துவிட்டார்கள்.

நம் ஆற்றுப்படை நூல்களில் எதிர்ப்படுவோன், பரிசில் பெற இன்ன வழியாற் செல்க என்பான். இவ்வுழவனும் வழி சொன்னான். ஆனால் பரிசில் பின்னே கழிந்துபோயிற்று என்றன்றோ சொன்னான்! சிகரத்தில் நின்று ஆரவாரிக்க வேண்டிய கணம், எப்போது என்று அறியாமலே நழுவிப்போயிற்று. இளைஞர் இருவரும் தலைகுனிந்து இறங்கினர்.

இறங்கிய வழி கொண்டோ என்னும் ஒடுங்கிய பள்ளத்தாக்கு. இருபுறமும் வானளாவிய பாறை. நடுவே முழங்கும் நீர். மேலே கீற்றளவு வானம். அன்றிரவு தங்கிய பெரிய வீட்டிலே நீரின் பேரொலியால் உறக்கம் வரவில்லை. மறுநாள் இத்தாலியின் வெயிலும் மஜோரே ஏரியும் அவர்களை வரவேற்றன. கோமோ ஏரிக்கரையிலே ஒரு வேடிக்கையும் நிகழ்ந்தது. இத்தாலிய மணிக்கூண்டு நேரம் அடிக்கும் முறை அவர்களுக்குப் பழக்கமில்லாதது. மணியோசையைப் பிழையாகக் கணித்து, விடியல் நெருங்கிற்றென எண்ணி நள்ளிரவிலே புறப்பட்டுக் காட்டில் வழி தவறினர். ஏரியின் மேலே கிடந்த பாறையொன்றில் அமர்ந்து, பூச்சிக்கடி பொறுத்து, விடியலுக்குக் காத்திருந்தனர்.

பின்னர்ச் சுவிற்சர்லாந்தின் ஏரிகளையும் ஷஃப்ஹவுசன் நீர்வீழ்ச்சியையும் கண்டனர். செப்டம்பர் மாதம் கொன்ஸ்தான்ஸ் ஏரிக்கரையிலிருந்து வில்லியம் தங்கைக்கு நீண்டதொரு கடிதம் எழுதினார். அல்ப்ஸ் மலையில் நடந்த மூன்று மணிநேரம் தம் நெஞ்சினின்று என்றும் அழியாது என்று அதிற் குறிப்பிட்டார். ஆனால் வழி தவறியதையோ, உழவன் சொல்லையோ, தமக்கு நேர்ந்த ஏமாற்றத்தையோ அவர் அதிற் சொல்லவில்லை. பாசல் நகரில் ஒரு படகை விலைக்கு வாங்கி, றைன் நதியோடு கொலோன் வரை சென்று, அங்கே அதனை விற்றுவிட்டு, ஒக்டோபர் மாதத்தில் இங்கிலாந்துக்கு மீண்டனர்.

இனி விளைவைப் பார்ப்போம். 1791 சனவரியில் வில்லியம் சிறப்புச் சித்தியின்றிச் சாதாரணப் பட்டம் பெற்றார். கல்லூரி அங்கத்துவம் கைநழுவிற்று. மாமன் மனம் நொந்தார். டொறதி கட்டிய மனக்கோட்டையும் தூரப்போயிற்று. குருப்பணியில் அமர்த்த உறவினர் ஒருவர் முன்வந்தபோது, அதற்குரிய வயது இன்னும் வரவில்லை என்று சொல்லித் தப்பினார். அவ்வாண்டின் இறுதியில் மீண்டும் பிரான்சு சென்றார். அங்கே புரட்சியின் கொள்கைகளை மிஷேல் போப்புய் என்னும் படையதிகாரியிடமிருந்து கற்றார். அனெற் வலோன் என்னும் மங்கைமேற் காதல் கொண்டார். 1792 டிசம்பரில் அவர்களுக்குக் கரோலின் என்னும் பெண்மகவு பிறந்தது. திருமணம் நடைபெறவில்லை. பொருள் தேடி வேர்ட்ஸ்வேர்த் தாய்நாடு திரும்பினார். 1793 பெப்ரவரியில் இருநாடுகளுக்கும் போர் மூண்டது. தாயும் மகளும் அக்கரையில்; அவர் இக்கரையில். 1802ஆம் ஆண்டிலே சிலகாலம் போர் நின்றபோதே தம் மகளை அவர் முதன்முறையாகக் கண்டார். முதற்பிரயாணத்தின் இன்பம் அவரை இரண்டாம்முறை ஈர்த்தது. இரண்டாவது, வாழ்நாள் முழுவதும் சுமக்கும் பாரமொன்றை ஏற்றிற்று. இதனை மறைத்து அவர் புகழை மட்டும் பாடுதல் வரலாறாகாது.

1793இல் அல்ப்ஸ் பிரயாணத்தைப் பொருளாகக் கொண்ட செய்யுள் நூலொன்றை வெளியிட்டு, உடன் நடந்த ஜோன்சுக்கு உரிமை செய்தார். அது அக்கால வழக்குக்கிணங்க அணிகள் நிறைந்த நடையில் அமைந்தது. வழி தவறிய கதை அதிலும் இடம்பெறவில்லை. உத்தியோகமோ நிலையான வருமானமோ இன்றி அலைந்தவருக்கு, 1795இல் இறந்த ரெயிஸ்லி கல்வேட் என்னும் இளம் நண்பர் 900 பவுண் எழுதிவைத்தார். அப்பணத்தாலேயே அண்ணனும் தங்கையும் இறுதியில் ஒரு கூரையின்கீழ் வாழத் தொடங்கினர். அங்கத்துவப் பதவி கொடுக்குமென்று எண்ணியதை ஒரு நண்பனின் அன்பு கொடுத்தது. 1798இல் கோல்றிஜ் என்னும் கவிஞரோடு சேர்ந்து அவர் வெளியிட்ட பாடற்றொகுதி ஆங்கிலக் கவிதையின் போக்கையே மாற்றிற்று.

சிம்ப்ளன் எங்கே போயிற்று? அது நெஞ்சினடியிலே கிடந்தது. 1804ஆம் ஆண்டு, கிராஸ்மியர் ஊரின் சிறுவீட்டிலிருந்து, தம் உள்ளம் வளர்ந்த வரலாற்றைப் பெருங்காவியமாக அவர் பாடிக்கொண்டிருந்தார். பின்னாளில் பிரெலூட் எனப் பெயர் பெற்றது அது. அதன் ஆறாம் பகுதியிலே கேம்பிரிட்ஜ் விடுமுறையைப் பாடவந்தவர், கணவாயையும் உழவனையும் அடைந்தார். 14 ஆண்டுகளாக வெளியிடாது வைத்திருந்த ஏமாற்றம் அங்கே வாய்திறந்தது. பாட்டின் நடுவிலே கவிஞர் திடீரெனக் கதையை நிறுத்திவிடுகிறார். மலையைக் கண்டபோது வாராத பெருவியப்பு, மலையைக் காணாமல் விட்டதை நினைத்தபோது வந்தது. மனிதனின் உள்ளம் எந்தச் சிகரத்தாலும் நிறையாதது. அவனுடைய உண்மையான இருப்பிடம் எல்லையில்லாப் பொருளே. கண் ஏமாந்த இடத்திலேதான் அந்த ஆற்றல் தன்னைக் காட்டுகிறது. இவ்வுண்மையை அவர் அங்கே கண்டார். பின்பு கொண்டோப் பள்ளத்தாக்கைப் பாடுகையில், அன்று தலைகுனிந்து இறங்கிய அவ்வழியே காலத்தின் தொடக்கமும் முடிவும் எழுதப்பட்ட ஏடாக அவருக்குத் தோன்றிற்று. ஆங்கிலக் கவிதையின் உயர்ந்த இடங்களில் ஒன்றென அறிஞர் இன்றுங் கொண்டாடுவது இப்பகுதியையே.

1820ஆம் ஆண்டு, தம் ஐம்பதாவது வயதில், மனைவி மேரியோடும் டொறதியோடும் அவர் அம்மலைக்கு மீண்டுஞ் சென்றார். நெப்போலியன் அமைப்பித்த அகன்ற வீதி அப்போது கணவாயூடே போடப்பட்டிருந்தது. ஆயினும் இளமையில் தம்மை ஏமாற்றிய அந்த ஒற்றையடிப் பாதையை அவர் அடையாளங் கண்டுகொண்டார். 30 ஆண்டுகளுக்கு முன் அவ்வழியில் நடந்த இளைஞனின் கதையை நன்கறிந்த டொறதி, அதனைத் தன் நாட்குறிப்பிற் பதிந்துவைத்தாள்.

தோழர் ஜோன்ஸ் யாவரும் எதிர்பார்த்த வழியிலே சென்று குருவானவரானார், 1835இல் இறந்தார். வில்லியத்தின் இளைய தம்பி கிறிஸ்தோபர் படிப்பில் வழுவாது நின்று, 1820இல் கேம்பிரிட்ஜ் திரினிற்றிக் கல்லூரியின் தலைவரானார். அவ்விருவர் வாழ்வும் குறையுடையனவல்ல. நேரான வழியிலே சென்றோரை இகழ்ந்து, வழி விலகியோரைப் போற்றுவது என் கருத்துமன்று. விலகிய மாணவர் எல்லாரும் வேர்ட்ஸ்வேர்த் ஆவதில்லை; அவரேயும் அவ்விலகலுக்கு விலை கொடுத்தார், தம்மைச் சார்ந்தோரையுங் கொடுக்கச் செய்தார்.

பிரயாணத்தின் பயனை அளக்கும் கோலைப்பற்றியே என் சிந்தனை. 1791இல் மாமன் கணக்குப் பார்த்தார். வரவு ஒன்றுமில்லை, செலவு ஒரு பதவி. அவர் கணக்கு அன்றைக்குப் பிழையன்று. மாணவரும் கணக்குப் பார்த்தார். காணவேண்டிய கணத்தைக் காணாது வந்தேன் என்பதே அவர் உள்ளத்திலிருந்த இழப்பு. 1804இல் அவ்விழப்பே முதலாயிற்று. அதுவும் அச்சேறியது 1850இல். அவ்வாண்டு ஏப்ரல் 23ஆந் தேதி கவிஞர் மறைந்தபின்னரே நூல் வெளிவந்தது. புறப்பட்ட நாள் முதல் உலகம் அதன் பயனை அடையும்வரை 60 ஆண்டுகள் சென்றன.

ஆசிரியராகிய நாம் ஆண்டுதோறும் புள்ளி இடுகின்றோம். அது நம் கடமை. ஆனால் மாணவன் உள்ளத்தில் ஊன்றிய வித்துக்கள் எல்லாம் சோதனைக் காலத்திலே கதிர்விட வேண்டுமென்ற நியதி இல்லை. தூரதேசஞ் சென்று மீண்ட மாணவனைப் பார்த்து, என்ன கண்டாய் என்று உடனே கேட்டு, விடை சொல்லத் தெரியாது நிற்பவனை வெறுங்கையன் என்று முடிவுகட்டல் ஆகாது. அவன் பெருமலையொன்றைக் கடந்திருப்பான். கடந்ததை அவனும் அறியாதிருப்பான்.